தொர்மீர், தொர்மார்: ‘தூங்கு’ என்ற ஒரே வினையை ஸ்பானிஷிலும் இடோவிலும் குழப்பமில்லாமல் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

லத்தீனின் ‘தொர்மீரெ’ என்ற வினை ஸ்பானிஷில் ‘தொர்மீர்’ ஆகவும், திட்டமிட்டு உருவாக்கப்பட்ட செயற்கை மொழியான இடோவில் ‘தொர்மார்’ ஆகவும் இருக்கிறது. இரண்டுக்கும் பொருள் தூங்குவதுதான். ஸ்பானிஷ் கொஞ்சம் தெரிந்தவர்கள் இடோவுக்கு வரும்போது இந்த வினையைப் பார்த்து ‘இது சுலபம்’ என்பார்கள். அவர்கள் முதலில் தடுமாறுவதும் இதே வினையில்தான்.

கடினமான இலக்கணம் எதுவும் இதற்குக் காரணமில்லை. ஒரே மாதிரி தெரியும் விகுதிகள் இரண்டு மொழிகளிலும் வேறு வேறு வேலை செய்கின்றன, அவ்வளவுதான். ஆகவே எதை முதலில் படிக்கிறோம், எதை அப்புறம் படிக்கிறோம் என்ற வரிசைதான் இங்கே முக்கியம்.

1. தொடங்கும் முன்

அகலமான பக்கம் உள்ள நோட்டு ஒன்று, இரண்டு நிறப் பேனாக்கள். ஸ்பானிஷ் வடிவங்களைச் சரிபார்க்க ஸ்பானிய அரச அகாதமியின் இணைய அகராதி போதும். அதில் ஒவ்வொரு வினைக்கும் முழு அட்டவணை உண்டு. இடோவுக்கு அட்டவணையே தேவைப்படாது. ஏன் என்பது நான்காம் படியில் தெரியும்.

கைபேசிச் செயலிகளை இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள். அவை வடிவங்களைத் தனித்தனியாகக் காட்டும். நமக்கு வேண்டியது எல்லா வடிவங்களும் ஒரே பக்கத்தில் கண்ணில் படுவது.

ஸ்பானிஷ் வடிவங்களை எழுதும்போது உயிரெழுத்தின் மேல் வரும் சாய்கோட்டை ஒருபோதும் விடக்கூடாது. அந்தச் சின்னக் கோடு போனால் காலமோ இடமோ மாறிவிடும். இடோவில் அந்தக் கோடு கிடையாது.

2. நெடில் வந்தால் அழுத்தம்

இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். எந்த அசையில் அழுத்தம் விழுகிறதோ அதை நெடிலாக எழுதியிருக்கிறேன், மற்ற அசைகள் குறில். ‘தொர்மீர்’ என்றால் கடைசி அசையில் அழுத்தம், ‘தோர்மஸ்’ என்றால் முதல் அசையில். ஓரசைச் சொற்களை இந்த விதியில் சேர்க்க வேண்டாம்.

வேரின் முதல் எழுத்து ‘தோசை’யின் தோ போல ஒலிக்க வேண்டும், ‘தோட்டம்’ போல அல்ல. இரண்டு மொழிகளிலும் அப்படியே. நடுவில் வரும் ‘த’ விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. ‘தொர்மீதொ’ என்ற ஸ்பானிஷ் சொல்லின் கடைசி ஒலி, ‘இது’ என்று சொல்லும்போது வருகிற மென்மையான ‘து’வுக்கு மிக அருகில் இருக்கும். தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டியதில்லை.

வசதி போலவே ஒரு தொல்லையும் உண்டு. தமிழில் ‘ந்த’ என்று வந்தால் நாக்கு தானாகவே மெலிந்துவிடும். இடோவின் ‘தொர்மான்த்த’ (தூங்குகிற) என்பதில் அப்படி மெலியக்கூடாது. அதற்காகத்தான் ‘ன்த்த’ என்று எழுதியிருக்கிறேன். ஸ்பானிஷின் ‘துர்மியேந்தொ’வில் மெலிந்தால்தான் சரி. ‘ஃஸ்’ என்று வரும் இடத்தில் தேனீ ரீங்கரிப்பது போன்ற ஒலி.

3. வேரைப் பிரித்து எழுதுங்கள்

பக்கத்தின் நடுவில் டி, ஓ, ஆர், எம் என்ற நான்கு எழுத்துகளை மட்டும் எழுதுங்கள். இடதுபக்கம் ஸ்பானிஷ், வலதுபக்கம் இடோ. விகுதிகளை எப்போதும் இரண்டாவது நிறத்தில் எழுதுங்கள்.

நிறம் மாற்றுவது அலங்காரத்துக்காக அல்ல. முழுச் சொல்லாக மனப்பாடம் செய்தால் மூளை இரண்டு மொழிகளின் சொற்களையும் ஒரே கட்டில் போட்டுவிடும். வேரும் விகுதியும் தனித்தனி நிறத்தில் இருந்தால், வேர் பொது, விகுதி வேறு என்பது பார்த்த உடனே பதியும்.

4. இடோவை முதலில் முடித்துவிடுங்கள்

பலர் ஸ்பானிஷை முதலில் எடுப்பார்கள், அதைப் பேசுகிறவர்கள் அதிகம் என்பதால். நான் சொல்வது நேர்மாறு. இடோவின் வினை விகுதிகள் மிகக் குறைவு, எந்த வினைக்கும் மாறாது. அதை முதலில் முடித்துவிட்டால் வேருக்கும் விகுதிக்கும் நடுவே கோடு போடும் பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கம் ஸ்பானிஷுக்கும் உதவும்.

விகுதிகள் இவை:

தோர்மஸ்: நிகழ்காலம்
தோர்மிஸ்: இறந்தகாலம்
தோர்மொஸ்: எதிர்காலம்
தோர்முஸ்: ‘தூங்கினால்’, ‘தூங்குவேனே’ போன்ற நிபந்தனை
தோர்மெஃஸ்: ஏவல்

நான், நீ, அவள், நாங்கள் யாராக இருந்தாலும் இதே வடிவம்தான். விகுதி காலத்தையோ நோக்கத்தையோ மட்டும் சொல்லும், ஆளைச் சொல்லாது.

அடுத்து அகராதி வடிவம். இடோவில் அதற்கும் மூன்று காலம் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ‘தொர்மார்’ என்றால் தூங்குவது. ‘தொர்மீர்’ என்றால் தூங்கி முடித்திருப்பது. ‘தொர்மோர்’ என்றால் இனிமேல் தூங்கப்போவது. பொதுவாக இடோவில் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். இந்த மூன்று மட்டும் விலக்கு, இவற்றில் அழுத்தம் கடைசி அசைக்குப் போகும்.

பெயரெச்சத்தில் நமக்கு அதிர்ஷ்டம். தூங்குகிற, தூங்கிய, தூங்கப்போகிற என்று தமிழில் காலம் காட்டுவது போலவே இடோவிலும் தொர்மான்த்த, தொர்மீன்த்த, தொர்மோன்த்த என்று மூன்று உண்டு. ஸ்பானிஷில் இந்த வரிசை இல்லை. பெயர்ச்சொல் வேண்டுமானால் வேரோடு ‘ஒ’ சேர்த்தால் போதும்: ‘தோர்மொ’, தூக்கம்.

ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றுக்கும் முந்தையதைச் சொல்ல விகுதிக்கு முன்னால் ‘அப்’ சேரும்: ‘தொர்மாபிஸ்’, தூங்கியிருந்தான். தொடக்கத்தில் இதை அடிக்கடி பயன்படுத்த வேண்டாம், பெரும்பாலான இடங்களில் ‘தோர்மிஸ்’ போதும்.

5. ஸ்பானிஷில் வேர் மூன்றாகும்: ஒரே சோதனை

இனிமேல்தான் உழைப்பு. ஸ்பானிஷில் இந்த வேர் மூன்று உருவம் எடுக்கும்: துவேர்ம், தொர்ம், துர்ம். பாடப்புத்தகங்கள் இதை ‘ஒழுங்கற்ற வினை’ என்று சொல்லி அட்டவணையை நீட்டிவிடும். மனப்பாடம் செய்யத் தொடங்கும் முன் கீழே உள்ள சோதனையைக் கற்றுக்கொள்ளுங்கள். இந்த வினையின் எல்லா வடிவங்களும் இதற்குள் அடங்கும்.

முதல் கேள்வி: அழுத்தம் வேரின் மேல் விழுகிறதா? ஆம் என்றால் ‘துவேர்ம்’. லத்தீனின் குறில் ஒகரம் அழுத்தம் வாங்கிய இடங்களில் ஸ்பானிஷில் ‘உஎ’ என்று உடைந்தது. அழுத்தம் இல்லாத இடத்தில் உடைவதற்குக் காரணமே இல்லை.

இரண்டாவது கேள்வி, முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் மட்டும்: வேரை அடுத்து முழுமையான ‘இ’ ஒலி, அதாவது தனியே ஓர் அசையாக நிற்கும் இகரம் வருகிறதா? வந்தால் ‘தொர்ம்’.

இரண்டுக்கும் இல்லை என்றால் ‘துர்ம்’.

சோதித்துப் பாருங்கள். நான் தூங்குகிறேன்: அழுத்தம் வேரில், ஆகவே துவேர்மொ. நாங்கள் தூங்குகிறோம்: அழுத்தம் விகுதியில், அடுத்து முழு இகரம், ஆகவே தொர்மீமொஸ். அவன் தூங்கினான்: அழுத்தம் விகுதியில், அடுத்து வரும் ‘இயோ’வில் இகரம் தனி அசை அல்ல, வழுக்கிக்கொண்டு ஓகாரத்தோடு சேர்கிறது. ஆகவே துர்மியோ.

‘துர்மாமொஸ்’ போன்ற வடிவத்தில் அடுத்து இகரமே இல்லையே, அங்கே ஏன் உகரம் என்று கேட்பீர்கள். லத்தீனில் அந்த இடத்தில் ஓர் இகரம் இருந்தது: ‘தொர்மியாமுஸ்’. அந்த வழுக்கும் ஒலி உயிரை உகரமாக உயர்த்திவிட்டு, பிறகு தான் மறைந்துவிட்டது. காரணத்தை மறந்தாலும் பரவாயில்லை, சோதனை சரியாகவே வேலை செய்யும்.

6. ஸ்பானிஷ் அட்டவணையை நிரப்பும் வரிசை

பாடப்புத்தக வரிசையில் போகாமல் சுலபமானதை முதலில் நிரப்புங்கள். ஏற்கெனவே சரியாக நிரப்பிய கட்டங்கள்தான் பிறகு குழப்பத்தைத் தடுக்கும்.

முதலில் எதிர்காலம். எல்லா வரிசையும் நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற முறையில் வரும். இதில் வேர் மாறவே மாறாது: தொர்மிரே, தொர்மிராஸ், தொர்மிரா, தொர்மிரேமொஸ், தொர்மிரேயிஸ், தொர்மிரான். அகராதி வடிவத்தோடு ‘உடைமை’ வினையின் நிகழ்கால விகுதிகள் ஒட்டிப் பிறந்தது இது. அதனால்தான் அழுத்தம் விகுதியிலேயே இருக்கிறது.

இரண்டாவது, வழக்கமாக நடந்ததைச் சொல்லும் இறந்தகாலம்: தொர்மீய, தொர்மீயஸ், தொர்மீய, தொர்மீயமொஸ், தொர்மீயயிஸ், தொர்மீயன். இங்கும் முழு இகரம்தான், எனவே வேர் மாறாது.

மூன்றாவது நிகழ்காலம்: துவேர்மொ, துவேர்மெஸ், துவேர்மெ, தொர்மீமொஸ், தொர்மீஸ், துவேர்மென். உடையாத இரண்டும் ‘நாங்கள்’, ‘நீங்கள்’ இடங்களில் இருப்பதைக் கவனியுங்கள். ‘தொர்மீஸ்’ ஸ்பெயினில் நெருங்கியவர்கள் பலரை நோக்கிச் சொல்வது. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் ‘வோஸ்’ என்று ஒருவரை அழைக்கும்போது இதே வடிவம் வரும். லத்தீன் அமெரிக்காவில் பலரை நோக்கிப் பேச ‘துவேர்மென்’தான்.

கடைசியில், ஒருமுறை நடந்து முடிந்ததைச் சொல்லும் இறந்தகாலம்: தொர்மீ, தொர்மீஸ்தெ, துர்மியோ, தொர்மீமொஸ், தொர்மீஸ்தெயிஸ், துர்மியேரொன். படர்க்கையில் மட்டும் உகரம். நான்காவது இடத்தில் உள்ள தொர்மீமொஸ் நிகழ்காலத்திலும் அப்படியே இருக்கும். ‘நேற்று’ போன்ற ஒரு சொல்தான் காலத்தைக் காட்டும்.

எச்சங்கள் இரண்டு: துர்மியேந்தொ (தூங்கிக்கொண்டு), தொர்மீதொ (தூங்கிய). இரண்டையும் மேலே சொன்ன சோதனையிலேயே போட்டுப் பாருங்கள். ‘துர்மியேன்த்தெ’ என்ற பெயரடையும் உண்டு. லத்தீன் அமெரிக்காவில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஸ்லீப்பர் கட்டைக்கும் அதே பெயர்தான்.

7. மோதும் வடிவங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இரண்டு பக்கமும் நிரம்பிய பிறகே இதற்கு வாருங்கள். ஒரு பக்கம் காலியாக இருக்கும்போது மோதல்களைப் படித்தால், இல்லாத குழப்பத்தை நாமே உண்டாக்கிக்கொள்வோம்.

முதல் மோதல் மிக மோசமானது: ‘தொர்மீர்’. எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று, அழுத்தமும் ஒன்று. ஸ்பானிஷில் அது வெறும் ‘தூங்குவது’. இடோவில் ‘தூங்கி முடித்திருப்பது’. ‘எனக்குத் தூங்க வேண்டும்’ என்பதற்கு ஸ்பானிஷில் ‘கியேரொ தொர்மீர்’. இடோவில் ‘மெ வோலஸ் தொர்மார்’. ஸ்பானிஷ் பழக்கத்தில் ‘மெ வோலஸ் தொர்மீர்’ என்றால், தூங்கி முடித்திருக்க விரும்புகிறேன் என்று ஆகிவிடும். வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருப்பதால் படிப்பவர் தவறைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

இந்த வடிவம் இடோவில் நன்றாகப் பயன்படும் இடத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘தூங்கிய பிறகு’ என்பதற்கு ஸ்பானிஷில் ‘தெஸ்புவேஸ் தெ அபேர் தொர்மீதொ’ என்று நீட்டுவதை இடோவில் ‘போஸ் தொர்மீர்’ என்று முடித்துவிடலாம்.

இரண்டாவது மோதல் ‘தோர்மிஸ்’, ‘தொர்மீஸ்’. எழுத்தில் வித்தியாசம் ஒரு சாய்கோடு மட்டும். இடோவில் முதல் அசையில் அழுத்தம், பொருள் இறந்தகாலம், ஆள் யாராகவும் இருக்கலாம். ஸ்பானிஷில் இரண்டாம் அசையில் அழுத்தம், நிகழ்காலம், முன்னிலை. லத்தீன் படித்தவர்களுக்கு இன்னொரு வலை இருக்கிறது. லத்தீனிலும் ‘தோர்மிஸ்’ உண்டு, அங்கே அது ‘நீ தூங்குகிறாய்’.

மூன்றாவது ‘தோர்மொஸ்’. ஸ்பானிஷில் ‘மொஸ்’ என்று முடிந்தால் ‘நாங்கள்’ என்று காது எடுத்துக்கொள்ளும். இடோவில் அந்த ‘ம்’ வேரைச் சேர்ந்தது, ‘ஒஸ்’ எதிர்காலம். வேரையும் விகுதியையும் இரண்டு நிறத்தில் எழுதியிருந்தால் இது பார்த்தவுடன் தெரியும்.

நான்காவது ‘தோர்மெஃஸ்’. ஸ்பானிஷின் ‘துவேர்மெஸ்’ (நீ தூங்குகிறாய்) நினைவுக்கு வந்து, ஏவலைச் செய்தியாகப் படித்துவிடுவார்கள். இடோவில் இது கட்டளை.

‘தோர்மொ’ பற்றியும் ஒரு வரி. அது இடோவில் தூக்கம் என்ற பெயர்ச்சொல். ஸ்பானிஷில் ‘நான் தூங்குகிறேன்’ என்று சொல்லும் எண்ணத்தில் அதைச் சொன்னால், வேர் உடையாத தவறான வடிவம் ஆகிவிடும்.

8. எழுவாயைப் போடுவதா, விடுவதா

தமிழில் ‘தூங்குகிறேன்’ என்றாலே நான் என்பது தெரிந்துவிடும். ஸ்பானிஷும் அப்படித்தான், ‘துவேர்மொ ஓச்சொ ஓரஸ்’ என்றால் ‘எட்டு மணி நேரம் தூங்குகிறேன்’. ஆகவே தமிழ் பேசுகிறவர்களுக்கு ஸ்பானிஷில் எழுவாயை விடுவது இயல்பாக வரும்.

அதே பழக்கம் இடோவில் கைகொடுக்காது. ‘மெ தோர்மஸ் ஒக் ஹோரி’ என்று ‘மெ’ போட்டே ஆகவேண்டும். விடுபட்டால் தூங்குவது யார் என்றே தெரியாது. கேள்விக்கு ஸ்பானிஷில் குரலை ஏற்றினால் போதும்: ‘துவேர்மெஸ்?’ இடோவில் முன்னால் ‘க’ வர வேண்டும்: ‘க து தோர்மஸ்?’

பயிற்சிக்கு இவற்றைக் கையால் எழுதிப் பாருங்கள். நேற்றுக் கொஞ்சம்தான் தூங்கினேன்: ‘அயேர் தொர்மீ போக்கொ’, ‘ஹியேரெ மெ தோர்மிஸ் போக்கெ’. நாளை இன்னும் அதிகமாகத் தூங்குவோம்: ‘மன்யான தொர்மிரேமொஸ் மாஸ்’, ‘மோர்கெ நி தோர்மொஸ் ப்லு மூல்த்தெ’.

9. ‘தூங்கணும்’, ‘தூங்கினால்’

ஸ்பானிஷில் சப்ஜங்க்டிவ் என்ற தனி அமைப்பு உண்டு. விருப்பம், சந்தேகம், தடை எல்லாம் அதில் வரும்: துவேர்ம, துவேர்மஸ், துவேர்ம, துர்மாமொஸ், துர்மாயிஸ், துவேர்மன். ஐந்தாம் படியின் சோதனை இங்கும் பொருந்தும்.

இடோவில் அப்படி ஓர் அமைப்பே இல்லை. ஆகவே அட்டவணைக்கு அட்டவணை பொருத்தாமல், என்ன சொல்ல வருகிறோம் என்று பார்த்து விகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘நீ தூங்கணும்னு விரும்புறேன்’ என்பது ஸ்பானிஷில் ‘கியேரொ கெ துவேர்மஸ்’. இடோவில் அதில் உள்ள விருப்பத்தைப் பார்த்து ஏவல் விகுதி: ‘மெ வோலஸ் கெ து தோர்மெஃஸ்’. ஸ்பானிஷ் ஒலியைத் தொடர்ந்து ‘தோர்மஸ்’ போட்டுவிடுவது புதியவர்கள் எல்லாரும் செய்வது. ஆனால் அது வெறும் நிகழ்காலம். ‘இங்கே தூங்காதே’ என்பதும் அப்படியே: ‘நோ துவேர்மஸ் அகீ’, ‘நெ தோர்மெஃஸ் ஹீக்கெ’.

நிபந்தனையில் ஸ்பானிஷ் இரண்டு பகுதிக்கும் இரண்டு வடிவம் கேட்கும். ‘இன்னும் அதிகமாகத் தூங்கினால் இன்னும் நன்றாக வேலை செய்வேன்’: ‘ஸி துர்மியேர மாஸ், த்ரபஹரீய மெஹோர்’. இடோவில் இரண்டு இடத்திலும் ‘உஸ்’ தான்: ‘செ மெ தோர்முஸ் ப்லு மூல்த்தெ, மெ லபோருஸ் ப்லு போனெ’.

10. தூங்கிப்போவது, தூங்க வைப்பது

ஸ்பானிஷ் இதே வினையை வளைத்துப் பல வேலை வாங்கும். ‘ஸெ துர்மியோ’ என்றால் தூங்கிப்போனான். ‘ல மாத்ரெ துவேர்மெ அல் நீன்யொ’ என்றால் அம்மா குழந்தையைத் தூங்க வைக்கிறாள். கால் மரத்துப்போனாலும் இதே வினைதான்.

இடோ அப்படிச் செய்யாது, ஒவ்வொன்றுக்கும் தனி ஒட்டு உண்டு. தொடக்கத்துக்கு ‘எஸ்க்’: ‘எல் தொர்மேஸ்கிஸ்’, அவள் தூங்கிப்போனாள். பிறரைச் செய்ய வைப்பதற்கு ‘இக்’: ‘ல மாத்ரொ தொர்மீகஸ் ல இன்ஃபான்த்தொ’. இடத்துக்கு ‘எய்’: ‘தொர்மேயொ’, பலர் படுக்கும் கூடம். ‘எம்’ சேர்த்தால் ‘தொர்மேம’, எப்போது பார்த்தாலும் தூங்கி வழிகிறவர்.

ஸ்பானிஷிலிருந்து இடோவுக்கு வாக்கியத்தை மாற்றும்போது ‘ஸெ’ என்ற சொல்லைக் கண்டால் நின்றுவிடுங்கள். அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால், ‘தன்னையே தூங்கினான்’ போன்ற பொருத்தமில்லாத வாக்கியம்தான் கிடைக்கும்.

11. அடுத்த வினையைத் தேர்ந்தெடுக்கும்போது

ஸ்பானிஷில் இதே அச்சில் வார்த்த இன்னொரு வினை ‘மொரீர்’ (இறப்பது): முவேரொ, மொரீமொஸ், முரியோ. ‘இறந்த’ என்ற எச்சம் மட்டும் ‘முவேர்த்தொ’ என்று வேறு வழியில் போகும். இடோவில் அதற்கு வேரே சற்று மாறுபட்டது: ‘மொர்த்தார்’. எனவே ஸ்பானிஷ் வேரை எடுத்து ‘ஆர்’ ஒட்டினால் இடோ வந்துவிடும் என்று நம்பாமல், ஒவ்வொரு முறையும் அகராதியைப் பாருங்கள். ‘விவீர்’, ‘விவார்’ (வாழ்வது) போலச் சரியாகப் பொருந்துபவையும் நிறைய உண்டு.

‘ஸென்த்தீர்’ (உணர்வது) எடுத்தால் ஐந்தாம் படியின் சோதனையையே எகர, இகரத்துக்கு மாற்றிப் போடலாம்: ஸியேன்த்தொ, ஸென்த்தீமொஸ், ஸின்த்தியோ. இடோவில் அது ‘ஸென்த்தார்’. ஆனால் ஸ்பானிஷிலும் ‘ஸென்த்தார்’ என்று வேறொரு வினை இருக்கிறது, அதற்கு ‘உட்கார வைப்பது’ என்று பொருள். இந்த வினையை எடுக்கும் நாளில் ஏழாம் படிக்கு முழுப் பக்கம் ஒன்றை ஒதுக்கி வையுங்கள்.